காட்டேரி மிஸ் வீட்டு வாசற்படி

அந்தத் திங்கட்கிழமை காலையில் எங்கள் கல்லூரிப் பேருந்து வாய்க்கால் பாலத்து நிறுத்தத்தில் நின்றது. ஓட்டுநர் ஏழுமலை வழக்கம்போல இரண்டு முறை ஹாரன் அடித்தார். அது ராணிக்கான ஹாரன். பக்கத்து இருக்கையில் போட்டிருந்த பையை எடுத்து நான் மடியில் வைத்துக்கொண்டேன். பத்தொன்பது வருடமாக இதுதான் நடக்கிறது. நான் பாகூரில் ஏறி ஜன்னலோரம் உட்காருவேன், பக்கத்தில் பையைப் போட்டு ராணிக்கு இடம் பிடிப்பேன், இரண்டு ஹாரன் கேட்டதும் பையை எடுப்பேன். அன்றைக்கு ராணி வரவில்லை. அவள் தெருக்காரர் ஒருவர் தோளில் துண்டோடு பாலத்தின் மேல் ஓடி வந்தார். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தட்டினார்.

"ராணி டீச்சர் எறந்துட்டாங்கபா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சாம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. இனிமே இங்க நிறுத்தி ஹாரன் அடிக்காதீங்க. சத்தம் கேட்டுட்டு அவங்கம்மா சோத்து டப்பாவ எடுத்துனு ஓடியாருது."

ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்தார். "எறங்குறீங்களா டீச்சர்?" என்றார். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்த நிறுத்தத்தில் இறங்கியதில்லை.

அவளிடம் படித்த நீங்கள் எல்லாரும் சேர்ந்து நினைவு மலர் போடுவதாகவும், நான் நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றும் கேட்டீர்கள். தமிழ்த்துறைக்காரி நான். இரங்கல் உரை எழுதியே கை காய்த்துப்போனவள். யார் போனாலும் நல்லதாக நாலு வார்த்தை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ராணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் லட்சணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதை மறைத்து எழுதினால் இந்த மலரில் என் பக்கம் மட்டும் பொய்யாகிவிடும். அதனால் உள்ளதை எழுதுகிறேன். படித்துவிட்டு ஏச வேண்டும் என்று தோன்றினால் ஏசுங்கள்.

அவள் பெயர் சகாய ராணி. ஆங்கிலத்துறை. உங்களுக்குக் காட்டேரி மிஸ். இடிந்த கோட்டை, பூட்டிய அறை, கல்லறையிலிருந்து எழுந்து வந்து கழுத்தில் பல் பதிக்கும் பிரபு என்று வெள்ளைக்காரர்கள் இருநூறு வருடமாக எழுதிவைத்த பயங்கரக் கதைகளை நடத்துவது அவள் வேலை. மதகடிப்பட்டுப் பக்கம் கழனியிலிருந்து நேராக வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பனி மூடிய கோட்டையை எப்படிக் காட்டுவது? அவள் காட்டினாள். என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் அவள் சவப்பெட்டியைத் திறந்துகொண்டிருப்பாள். என் பிள்ளைகளின் காது முழுக்க அங்கேதான் இருக்கும். எத்தனை நாள் பலகையைத் தட்டிச் சத்தம் போட்டிருக்கிறேன்! உண்மையைச் சொன்னால், என் காதும் அங்கேதான் இருந்தது.

எங்கள் சிநேகிதமே சண்டையில்தான் ஆரம்பித்தது. அவள் சேர்ந்த புதிதில், தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்காகத் தமிழில் குறிப்பு எழுதிக் கரும்பலகை ஓரத்தில் ஒட்டுவாள். அதில் 'இரத்தக்காட்டேரி' என்று எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்று ஏறியது. எங்கள் கழனி ஓரத்தில் கல்லாக நிற்பவள் காட்டேரி. ஆடி மாதம் கருவாட்டுக் குழம்பும் முட்டையும் வைத்துப் படைக்கிறோம். அந்த அம்மனின் பெயரைக் கொண்டுபோய்க் கழுத்தைக் கடிக்கிறவனுக்கு வைப்பாயா என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

ராணி டிபன் டப்பாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "உங்க காட்டேரி யாருங்க மேடம்? புள்ளத்தாச்சியா செத்துப்போன ஏதோ ஒரு ஏழப் பொண்ணு. இருக்கும்போது ஒரு வாய் சோறு போட்டிருக்க மாட்டாங்க. செத்தப்புறம் பயந்துனு படையல் போடுறாங்க. வெள்ளக்காரன் ஊர்லயும் இதே கததான். அதான் அந்தப் பேரு வச்சேன்."

பதில் வராத இடத்தில் எனக்குக் கோபம் வரும். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேருந்தில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "கோவமா இருந்தாலும் எடம் புடிச்சி வச்சிருக்கியே, நல்லவதான்டி நீ" என்றாள். மேடம் போய் டி வந்தது அன்றைக்குத்தான். நான் இடம் பிடிக்கவில்லை. பை தற்செயலாக அங்கே கிடந்தது. அதை அவளிடம் சொல்லவே இல்லை.

இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேனே, இதுவும் படையல்தான் ராணி. கருவாட்டுக் குழம்பு, முட்டை எல்லாம் வைத்துவிட்டேன்.

அவள் நடத்தியதிலேயே மறக்க முடியாத பாடம் எது என்று உங்களைக் கேட்டால் பாதிப் பேர் ஏரிக்கரை வீட்டைத்தான் சொல்வீர்கள். மழை விடாத ஒரு கோடையில், அயல்நாட்டு ஏரிக்கரை மாளிகையில் முடங்கிக் கிடந்த கவிஞர்கள் பொழுது போகாமல், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பந்தயம் கட்டிய கதை. "நம்ம ஏரியில மழ பேஞ்சா மதகத் தொறப்பாங்க, அவங்க பேயத் தொறந்து வுட்டாங்க" என்று ஆரம்பிப்பாள். அதற்கு முன்னால் காட்டேரி என்பது கிராமத்துச் சங்கதி என்பாள். செத்துப்போன குடியானவன் உடம்பு ஊதி, முகம் சிவந்து, குழியிலிருந்து எழுந்து வந்து சொந்தக்காரர்களையே பிடிப்பான். ஊரில் கொள்ளைநோய் என்றால் அவன் குழியைத் தோண்டுவார்கள். அந்த ஊதிப்போன ஏழைப் பிணம் கவிஞர்களின் காலத்துக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டது. பட்டமும் பட்டுச் சட்டையும் வந்தன. வெளுத்த அழகான முகம் வந்தது. விருந்துக்கு விருந்து போகிற பிரபு ஆகிவிட்டது.

"எப்டிடா ஆச்சி? செத்த கூலிக்காரன் எப்டி ஜமீன்தார் ஆனான்?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பாள். பலகைக்கு இந்தப் பக்கம் நானும் சாக்கட்டியோடு சும்மா நிற்பேன்.

"அந்த வூட்ல ஒரு வைத்தியன் இருந்தான். அந்தக் கவிஞருங்கள்ல ஒருத்தன் நெஜமான பிரபு, அவன் சம்பளத்துக்கு வச்சி இட்டாந்த ஆளு. சாப்பாட்டு மேசையில கடைசி நாற்காலி. அவன் வாயத் தொறந்தா எல்லாரும் சிரிப்பாங்க. அவன்தான் மொதமொதல்ல காட்டேரிய பிரபுவா எழுதினவன். தெனம் எதிர்ல உக்காந்து பாத்தான் இல்ல? யாரு யாரோட ரத்தத்த குடிக்கிறாங்கன்னு கடைசி நாற்காலியில உக்காந்தவனுக்குத்தான் தெரியும். அப்புறம் இன்னா ஆச்சி? அவன் எழுதின கத, பிரபு பேர்லயே அச்சாயிடுச்சி. அதயும் குடிச்சிட்டாங்க."

வகுப்பு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அந்த வைத்தியனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் கம்மும். ராணியின் அம்மா என் மாமனார் கழனியில் நாற்று நட்டவர். ராணியே சின்ன வயதில் களை பறிக்க வந்திருக்கிறாள். இதை அவள் என்னிடம் ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் பஸ் சத்தத்தில் பாதி காதில் விழாதபடி. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். அறுவையில் ரத்தம் நிறையப் போய்விட்டது. என் ரத்தம் பி நெகட்டிவ். லேசில் கிடைக்காது. என் கணவர் போன் மேல் போன் போட்டு அலைந்துகொண்டிருந்தபோது ராணி மூன்றாம் பாடவேளையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கையை நீட்டினாளாம். அவளுக்கும் அதே வகை. நான் கண் விழித்தபோது கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தானே தின்றுகொண்டிருந்தாள்.

"முழிச்சிக்கினியா? ஒரு பை ரத்தம் குடிச்சிட்டடி எங்கிட்டேர்ந்து. இத்தன வருசம் பாடம் நடத்தி, கடைசில தமிழ்த்துறையிலேர்ந்து வந்து கடிச்சிட்டாங்க" என்றாள். தையல் பிரிந்துவிடும்போல இருந்தது, சிரிக்க வைக்காதே என்றால் இன்னும் பேசினாள். சாம்பலாகிறேனா என்று வெயிலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கச் சொல்லி நர்ஸிடம் கேட்டாள்.

நான் வீடு திரும்பிய பத்தாம் நாள் என்னைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹாலில் கட்டிலில் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. என் மாமியார், "இப்டியே உக்காரும்மா, காத்தோட்டமா இருக்கும்" என்று போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். என்னைப் பார்க்க வந்த மற்ற டீச்சர்கள் எல்லாரும் என் கட்டிலில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் காபி குடித்துவிட்டுப் போனவர்கள். ராணிக்குப் பேப்பர் கப்பில் வந்தது. என் மகள் பிறந்த நாளுக்கு வாங்கி மீந்துபோன, பலூன் படம் போட்ட கப்.

அவளுடைய ரத்தம் என் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் என் வாசலில் உட்கார்ந்து பலூன் படம் போட்ட கப்பில் காபி குடிக்கிறாள். "உள்ளே வா ராணி" என்று படுத்த இடத்திலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். மாமியார் வாயை மூடிக்கொண்டிருப்பார். வாய் கிழிய மேடையில் பேசுகிறவள் நான், அந்த ஒரு சொல் வரவில்லை. கண்ணை மூடித் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டேன். "தூங்கட்டும், எழுப்ப வேணாம். போயிட்டு வரேன்மா" என்று ராணி சொன்னது கேட்டது. காபி குடித்த கப்பைத் தானே கசக்கிக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அவள் வந்ததில்லை.

அவள் எனக்கு ரத்தம் கொடுத்தாள் என்பது என் மாமியாருக்குக் கடைசிவரை தெரியாது. நான்தான் சொல்லவில்லை.

ஒரு நாள் பலகைக்கு அந்தப் பக்கம் வாசற்படிப் பாடம் நடந்தது. காட்டேரிக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் வீட்டுக்காரர் வா என்று சொல்லாமல் வாசற்படியைத் தாண்ட முடியாது. அந்தக் கவிஞர்கள் காலத்துப் பாட்டிலேயே இதற்கு அடையாளம் இருக்கிறது, தானாக நடந்து உள்ளே வராது, வீட்டில் இருப்பவர்களே கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் மிஸ் அப்படி என்று யாரோ கேட்டார்கள். "மரியாத தெரிஞ்ச பேய்டா அது" என்றாள்.

அன்று மாலை பேருந்தில் வில்லியனூர் தாண்டும்போது அவளாகவே ஆரம்பித்தாள். "எனக்கு அந்த ரூல் ரொம்பப் புடிக்கும் கலா. ஆனா நம்ம ஊருக்கு அது தலகீழா இருக்குது. எங்க தெருவுக்கு வந்து எங்கம்மாவ வேலைக்கு இட்டுனு போன எந்தப் பெரிய மனுசனும், நாங்க வான்னு சொல்ற வரைக்கும் காத்துனு நின்னதில்ல. நாங்கதான் எல்லார் வூட்டு வாசல்லயும் நின்னோம்."

"நீ எதை எடுத்தாலும் கடைசியில அங்கதான் கொண்டுபோய் முடிப்ப" என்றேன் நான், சலிப்போடு.

"முடிஞ்சா ஏன்டி சொல்லப்போறேன்" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகளுக்குக் கல்யாணம். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் பத்திரிகை கொடுத்துக்கொண்டே வந்தேன். ராணியின் முறை வந்ததும் அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எனக்கு இங்க வேணாம். வூட்டுக்கு வந்து குடு. தட்டு வச்சி, வெத்தல பாக்கு வச்சி குடு. எங்கம்மா கையில குடு. உங்க வூட்டுப் பத்திரிகய தட்டுல வாங்கணும்னு அதுக்கு ஆச."

எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பது என்றால் அதுதான். கணவனும் மனைவியுமாக வீடு தேடிப்போய், உள்ளே உட்கார்ந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்ட வேண்டும். தபாலில் வந்ததும் வழியில் கொடுத்ததும் அழைப்பில் சேராது. அப்படிக் கொடுத்தால் வராதே என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா?

"வரேன்டி" என்றேன். என் கணவரிடம் சொன்னேன். "அந்தத் தெருவுக்கா? போலாம், கடைசில பாத்துக்கலாம்" என்றார். அவரைக் குற்றம் சொல்லி நான் தப்பிக்கப்போவதில்லை. எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். என் வீட்டிலிருந்து அவள் வீடு ஐந்து நிமிடம், நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு பாலம். நம்மவர்கள் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று தயங்கினேன். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாலத்தில் வண்டியை நிறுத்தி அவளுக்குப் போன் போட்டேன். "கொஞ்சம் பாலத்துக்கு வாடி, தலைக்கு மேல வேலை கிடக்குது."

வந்தாள். இஞ்சினை அணைக்காமலே உறையை நீட்டினேன். அவள் என் வண்டியின் முன்கூடையைப் பார்த்தாள். அதில் தட்டும் இல்லை, வெற்றிலையும் இல்லை. உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "சரிடி. நல்லபடியா நடக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு அவள் வரவில்லை.

மறுவாரம், அவள் கேட்டால் சொல்ல நாலு காரணம் யோசித்து வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டாள். போட்டோ பார்த்தாள். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் நானும் நாலு கத்திவிட்டு, அழுதுவிட்டு ஓய்ந்திருப்பேன். அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அதற்குப் பின்னும் இரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம், வந்தோம். ஒரு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை எனக்கு. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குத்தான் அவள் வருவாளே என்று இருந்துவிட்டேன்.

ஒரே ஒரு தடவை அவள் சொன்ன ஒன்று என்னைத்தான் சொன்னாளோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். காட்டேரியின் முகம் கண்ணாடியில் தெரியாது என்று பின்னால் வந்த கதைகளில் எழுதியிருக்கிறார்களாம். அது ஏன் என்று கேட்டேன். "தான் யாருன்னு அதுக்குத் தெரியாதுடி. பாவம், அது தன்ன நல்ல ஆளுன்னுதான் நெனச்சினு இருக்கும்" என்றாள்.

அவள் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இறங்கும்போது, "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாயேன்டி. எங்கம்மா மீன் கொழம்பு வெக்கிறேன்னுச்சி" என்றாள். இப்படி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருக்கிறாள். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன், பார்க்கலாம் என்று. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

திங்கட்கிழமை விடிவதற்குள் அவள் இல்லை.

ஏழுமலை கேட்டாரே, இறங்குகிறீர்களா என்று. இறங்கினேன். பாலத்தைத் தாண்டி நடந்தேன். கூட வந்த அந்தத் தெருக்காரர், "பாத்து வாங்க டீச்சர், பைப்பு தோண்டி வச்சிருக்காங்க" என்று வழி காட்டினார். ஐந்து நிமிட நடைகூட இல்லை. மாதா படம் மாட்டிய பச்சைக் கதவு. உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் கால் மட்டும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை போட்டிருந்த அதே மருதாணி.

நல்லதற்கு அழைத்தால் போ, கெட்டதற்கு அழைக்காமலே போ என்பார்கள். சாவு வீட்டில் யாரும் யாரையும் வா என்று கூப்பிட மாட்டார்கள். நாமாகத்தான் நுழைய வேண்டும். எல்லாரும் நுழைந்துகொண்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவள் அத்தனை தடவை வா வா என்று கூப்பிட்டபோது வராதவள், இப்போது எந்த முகத்தோடு நுழைவேன்? வாசற்படிக்கு வெளியே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

அவள் அம்மாதான் என்னைப் பார்த்தார். மடியில் அந்த டிபன் டப்பா இருந்தது. எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"இன்னாம்மா அங்கியே நின்னுட்ட? உள்ள வா. புது வூடா உனக்கு? பொண்ணு கல்யாணத்துக்குத் தட்டு வச்சி குடுத்துட்டுப் போனியே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாமி மாடத்துக்குக் கீழே காட்டினார். ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் என் மகளின் கல்யாணப் பத்திரிகை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி. பக்கத்தில் காய்ந்து சருகான வெற்றிலை, இரண்டு பாக்கு.

"நான் அன்னைக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். வந்து பாக்குறேன், ராணி தட்ட எடுத்து என் கையில குடுக்குது. கலா டீச்சரும் அவங்க வூட்டுக்காரரும் வந்து உக்காந்து, காபி குடிச்சிட்டு, உனக்காக எவ்ளோ நேரம் இருந்தாங்க தெரியுமான்னு சொல்லிச்சி. கல்யாணத்துக்குன்னு பொடவகூட எடுத்து வச்சிருந்தேன்மா. அன்னைக்குன்னு பாத்து அதுக்குப் பரீட்ச டியூட்டி போட்டுட்டாங்களாம். நான் மட்டும் எப்டி வருவேன்?"

பாலத்திலிருந்து உறையோடு திரும்பியவள் கடைக்குப் போய் வெற்றிலை வாங்கியிருக்கிறாள். மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தானே தடவியிருக்கிறாள். தட்டில் வைத்து, நான் வந்ததாகச் சொல்லி, என் சார்பில் தன் அம்மாவை அழைத்திருக்கிறாள். பரீட்சை எதுவும் அன்றைக்கு இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத ராணி, என் மானத்தையும் தன் அம்மாவின் ஆசையையும் ஒரே பொய்யால் காப்பாற்றியிருக்கிறாள். நான் அந்தத் தரையில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சிநேகிதிக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் முறை. அன்றைக்கு அந்த முறை எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமல், ஸ்கூட்டரைப் பாலத்தில் நிறுத்தாமல் அவள் வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். அம்மா தனியாகத்தான் இருந்தார். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம், பேப்பர் கப், பாலம், உறை. நான் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை அம்மா, தட்டு வைத்தது உங்கள் பெண் என்றேன்.

அவர் திரும்பி அந்தத் தட்டைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எம்பொண்ணு பொய் பேசாதும்மா" என்றார். "நீ வந்த. உக்காந்த. காபி குடிச்ச. அது சொல்லிச்சி."

"இல்லம்மா..."

"நீ வந்தன்னு அது சொல்லிச்சி" என்றார் மறுபடியும். அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. எழுந்து போய்க் காபி போட்டு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அவளிடமிருந்து நான் வைத்திருப்பது இரண்டு. ஒரு பை ரத்தம், ஒரு பொய். ரத்தம் நாலு மாதத்தில் கரைந்து புது ரத்தம் ஊறிவிடும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். பொய் கரையாது. நான் அந்த வீட்டுக்கு வந்தேன் என்று ராணி சொல்லிவிட்டாள். அதை உண்மையாக்குவதுதான் இனி எனக்கு இருக்கும் வேலை.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். மாதம் திரும்பாத சாவு வீடு. சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று தெரியும். ஆனாலும் வாசற்படியில் நின்று திரும்பிச் சொன்னேன்.

"போயிட்டு வரேன்மா."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வா" என்றார். "வர ஞாயித்துக்கெழம வா. மீன் கொழம்பு வெக்கிறேன். அதத்தான் சொல்லி வச்சிட்டுப் போச்சி."